பக்கம் ஏழு, பத்தி மூன்று

பக்கத்துக்கு நாற்பத்தைந்து ரூபாய்.
மாங்கூழ் ஆலை விபத்து, விசாரணை அறிக்கை,
மொத்தம் இருபத்திரண்டு பக்கம்.
கிருஷ்ணகிரி பஸ் நிலையத்துக்குப் பின்னால்
ஜெராக்ஸ் கடை மாடியில் உட்கார்ந்து
ஆறு பக்கத்தை ஒரே மூச்சில் தமிழாக்கிவிட்டேன்.
கொதிகலன், அழுத்தமானி, பாதுகாப்பு வால்வு:
அரசாங்கம் எல்லாவற்றுக்கும்
சொல் வாங்கி வைத்திருக்கிறது.
ஆலைக்காரர்தான் வால்வு வாங்கவில்லை.

ஏழாம் பக்கத்தில் மாட்டிக்கொண்டேன்.
தடயவியல் ஆட்கள் இரண்டு நாள்
சாம்பலை 'சிஃப்ட்' செய்தார்களாம்.
இங்கிலீஷில் நாலே எழுத்து.
அங்கே அதை வைத்து
மாவையும் சலிக்கலாம், சாட்சியத்தையும் சலிக்கலாம்,
ஆயிரம் மனுவில் பத்தைப் பொறுக்கலாம்,
ஓலை இடுக்கில் வெயில் இறங்குவதைக்கூடச் சொல்லலாம்.
முடித்துவிட்டுக் கை கழுவத் தேவையில்லாத சொல்.

நம் சொற்களில் தூசி பறக்கிறது.
புடைத்தார்கள் என்று எழுதினால்
முறத்தோடு லத்தியும் வந்து நிற்கிறது.
தூற்றினார்கள் என்றால்
செத்தவர்களையா என்று கேட்பார்கள்.
(கேட்கலாம். பக்கம் நான்கில்
'தொழிலாளரின் கவனக்குறைவு' இருக்கிறது.)
கொழித்தார்கள்?
அது ஏற்றுமதிக்காரருக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.
அரித்தார்கள் என்றால் தண்ணீர் வேண்டும்,
அன்று தீயணைப்பு வண்டியிலேயே போதவில்லை.
தெள்ளினார்கள், நாவினார்கள்
இரண்டையும் அடித்துவிட்டேன்;
முறம் பிடித்த மணிக்கட்டு
தெரியாமல் அந்தச் சொற்கள் வராது.

மிச்சம் சலித்தார்கள்.
அதை எழுதும்போதே
யாரோ கொட்டாவி விடுவதுபோல் இருந்தது.

பதினோரு மணிக்கு மாடியேறி வந்தார் சாக்கம்மா.
திம்மராயன் வீட்டுக்காரம்மா என்று
கடைப் பையன் கீழிருந்தே கத்தினான்.
தாளைப் பார்த்தார், எழுத்தைப் பார்க்கவில்லை.
"அவரப் பத்தி இன்னா போட்டுக்குது?"
சிஃப்ட் செய்தார்கள் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.
"ஷிஃப்டா? ரெண்டாவது ஷிஃப்டுங்க அவரு.
அன்னிக்கி எல்லப்பனுக்குக் காச்சலுன்னு
மாத்திக்கினு காலையில போனாரு."

அது வேற, என்றேன்.
சாம்பலைச் சலித்திருக்கிறார்கள் என்றேன்.

அவர் அழுவார் என்று நினைத்துத்
தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்தேன்.
"எந்தக் கண்ணுல சலிச்சாங்க?" என்றார்.
புரியவில்லை எனக்கு.
"ரவ சல்லடையா, மாவு சல்லடையா?
கேவுருக்கு வேற கண்ணு, மண்ணுக்கு வேற கண்ணு.
ஆலையில நான் கூழ் வடிக்கிற எடத்துல இருந்தேன்,
நாருக்கு ஒண்ணு, மறுபடி ஒண்ணு,
ரெண்டு வலைங்க அங்க."

பின்னிணைப்பைப் புரட்டினேன்.
நான்கு மில்லிமீட்டர்.
பேனா முனையால் தாளில் ஒரு வட்டம் போட்டுக் காட்டினேன்,
கொஞ்சம் பெரிதாகவே போட்டிருப்பேன்.
அவர் காதோரம் கை வைத்து
இல்லாத எதையோ விரலிடுக்கில் திருகிப் பார்த்தார்.
"கடுக்கன் நின்னிருக்கும்.
திருகாணி நிக்காது."

கடுக்கன் நின்றிருந்தது.
'உலோகப் பொருள், ஒன்று, அடையாளம் தெரியாதது.'
அதைச் சொன்னேன்.
தலையாட்டினார்.
பிறகு கேட்டார், ரேஷனில் எடை கேட்பதுபோல:
"கீழ விழுந்தத எங்க கொட்டினாங்க?"

எட்டாம் பக்கம் காப்பீட்டுத் தொகை பற்றியது.
ஒன்பதாம் பக்கம் கட்டிட உரிமம்.
இருபத்திரண்டு வரைக்கும் தேடினேன்,
அவர் நின்றுகொண்டே இருந்தார்.
சலித்தவர்கள் மேலே நின்றதைப் பற்றி மட்டுமே
எழுதியிருக்கிறார்கள்.

சாயங்காலம் தாலுகா ஆபீஸில்
இர்ஷாத் பக்கங்களை எண்ணினார்.
ஏழாம் பக்க ஓரத்தில்
நான் பென்சிலால் எழுதியிருந்ததைப் படித்தார்:
கீழே விழுந்தது எங்கே?
"மூலத்துல இது இல்லையே சார்."
இல்லை என்றேன்.
மேஜை டிராயரைத் திறந்து ரப்பரைத் தேடினார்.
கிடைக்கவில்லை.
அப்படியே கோப்பில் கட்டிவிட்டு,
பென்சிலுக்குக் காசு கிடையாது என்று
தொள்ளாயிரத்துத் தொண்ணூறு ரூபாய்க்குக்
கையெழுத்து வாங்கிக்கொண்டார்.